பொதிகை முதல் சீனக் கடல் வரை: திருநெல்வேலிச் சீமையைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

மலையில் பிறந்து கடலில் கலக்கும்வரை தாமிரபரணி ஓடுகிற தூரம் சுமார் 125 கிலோமீட்டர்தான். காலையில் பாபநாசத்தில் குளித்துவிட்டு வண்டி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் புன்னைக்காயல் கடற்கரைக்குப் போய்விடலாம். சீனாவின் யாங்சே ஆற்றின் நீளமோ 6,300 கிலோமீட்டர்! ஆனால் சீனப் பேரரசுகளின் அதிகாரபூர்வ வரலாற்று நூல்களில் நம்முடைய இந்தச் சின்ன ஆற்றின் முகத்துவாரத் துறைமுகம் இடம்பிடித்திருக்கிறது, தெரியுமா? அதுவும் யுவான் வம்ச வரலாற்றில் ஒன்று, மிங் வம்ச வரலாற்றில் ஒன்று என இரண்டு நூல்களில்!

திருநெல்வேலி என்றதும் அல்வாவோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அல்வா ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் புத்தர் கோயில்கள் நிறைந்த சீனத் தீவிலும், லாசாவின் அரண்மனையிலும், குப்ளாய் கானின் அரசவையிலும் எதிரொலித்த ஒரு பள்ளத்தாக்கை ஒரே ஒரு பலகாரத்துக்குள் அடைப்பது நியாயமா? வாருங்கள், மலையிலிருந்து ஆரம்பிப்போம்.

சங்கப் புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த ஐந்து நிலமும் பழைய திருநெல்வேலி மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே இருந்தது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? 1,868 மீட்டர் உயர அகத்தியர் சிகரம் குறிஞ்சி. அதன் அடிவாரத்துக் காடும் மேய்ச்சல் நிலமும் முல்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வயல்வெளிகள் அசல் மருதம். மணப்பாடும் புன்னைக்காயலும் நெய்தல். பாலைக்கு எங்கே போவது? திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை செக்கச்சிவந்த மணல்மேடுகள், நடுநடுவே பனையும் முந்திரியும். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் இந்தச் சீமையில்தான். களக்காடு, முண்டந்துறைக் காடுகளைச் சேர்த்து 1988-ல் அறிவித்தார்கள். ஒரு கோடியில் புலி, மறுகோடியில் பாலைமணல். இடையில் உள்ள தூரம் நூறு கிலோமீட்டர்கூட வராது!

கிழக்கிந்தியக் கம்பெனி 1790-ல் உருவாக்கிய அந்தப் பெரிய மாவட்டத்திலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. ஆற்றுக்கு அந்த எல்லைகளெல்லாம் தெரியாது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேருகிற வற்றாத ஆறு என்ற பெருமை அதற்கு உண்டு. வற்றாததற்குக் காரணம் இரண்டு மழை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டும். அந்தத் தண்ணீரில் கார் சாகுபடி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஊருக்குள்ளேயே வந்து பெய்யும். அதில் பிசானம். ஒரே வயலில் இரண்டு போக நெல்!

அந்த வடகிழக்கு மழை சில வருடங்களில் எப்படிப் பெய்யும் என்பதை 2023 டிசம்பரில் நாடே பார்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! அந்தக் கடலோரத்தில் வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகமானது ஒரே நாளில் இறங்கிவிட்டது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம்.

அப்படிப்பட்ட ஆற்றைக் கட்டி மேய்க்க எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், என்ன அழகு! இவற்றில் ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே, நம் ஊர்க்காரர்கள் கல்லை அடுக்கிக் கட்டியவை. இன்றைக்கும் தண்ணீர் அவற்றின் மேல் வழிந்து போகிறது, கால்வாய் பிரிகிறது, குளம் நிறைகிறது. கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொன்னை என்ன செய்யலாம் என்று அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசுவின் பின்னால் நட, அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு என்று யோசனை வந்ததாம். கதை எப்படியோ, நில மட்டம் பார்த்துத் தண்ணீரை இழுத்துப்போன அந்தக் கைகளுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

மண்ணுக்குள் எத்தனை வருடம்?

1876-ல் பெர்லினிலிருந்து டாக்டர் யாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூருக்கு வந்தார். ஆற்றங்கரைப் பரம்பு ஒன்றைத் தோண்டினார். உள்ளே முதுமக்கள் தாழிகள்! வரிசை வரிசையாக, ஏக்கர் ஏக்கராக. அவர் எடுத்துக்கொண்டு போன பொருட்கள் பெர்லின் போய்ச் சேர்ந்தன. பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டியபோது கிடைத்தவற்றைக் கேளுங்கள்: பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள், விலங்கு உருவங்கள் பொருத்திய வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், நெல் உமி. நெற்றியில் பொன்பட்டம் கட்டி ஒரு மனிதரை அடக்கம் செய்தார்கள் என்றால் அந்த வாழ்வின் செழிப்பை நினைத்துப் பாருங்கள். தோண்டிய குழிகளையும் தாழிகளையும் அந்த இடத்திலேயே, கண்ணாடித் தளத்தின் மேல் நின்றே பார்க்கும் வகையில் 2023-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

அடுத்த ஊர் சிவகளை. அங்கே ஒரு தாழிக்குள் நெல்மணிகள் கிடைத்தன. அவற்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வந்த காலக்கணிப்பு கி.மு. 1155! அதாவது இந்தச் சோற்றுக்கு வயது 3,000-க்கும் மேல். அதோடு நிற்கவில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் சிவகளையின் இரும்புப் பொருட்களோடு கிடைத்த மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 3345 என்று காலம் குறித்திருக்கிறார்கள். உலக அளவில் அறிஞர்கள் இன்னும் இதை அலசிக்கொண்டிருக்கிறார்கள், அலசட்டும். இரும்பின் வரலாற்றைப் பேசுகிற எவரும் இனிமேல் சிவகளையைத் தாண்டிப் போக முடியாது.

ஆறு கடலைச் சேரும் பக்கம் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கௌடில்யரின் அர்த்தசாத்திரத்தில் தாமிரபரணி முத்து முதல் வரிசையில் வருகிறது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் வழிகாட்டி நூலில் கொற்கை முத்துக்குளிப்பைப் பற்றிக் குறிப்பு உண்டு, அதில் கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்க வைத்தார்கள் என்று ஒரு செய்தியும் இருக்கிறது. மனம் கனக்கிற செய்தி. ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தில் கிடந்த முத்துக்கு யார் யாரோ மூச்சைக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்றைக்குக் கொற்கையில் நின்றால் கடலே தெரியாது. வயலும் வாழையும் குளமும்தான். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது! தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், துறைமுகத்தையே கரையேற்றிவிட்டது. கொற்கை தூர்ந்ததும் ஆற்றின் வாய்க்கு இன்னும் பக்கத்தில் காயல் எழுந்தது. இப்போது பழையகாயல் என்கிறோம். அதுவும் தூர்ந்தது, புன்னைக்காயல் தலையெடுத்தது. ஆறு நிலத்தைத் தள்ளத் தள்ள, ஊர் கடலைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறது. இந்தக் காயலைத்தான் சீனர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அதற்கும் அறுநூறு வருடம் முன்பே பொதிகை மலை அவர்கள் காதுக்குப் போய்விட்டது. அந்தக் கதை இன்னும் பெரிய அதிசயம்.

மலை ஒன்று, அதன் பெயரில் உலகெங்கும் கோயில்கள்

கி.பி. 640 வாக்கில் சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிபுரத்தில் இருந்தார். தெற்கே உள்ள நாட்டைப் பற்றி அங்கே கேட்டறிந்து எழுதிவைத்தார். கடல் முத்துக்கள் வந்து குவியும் நாடு அது. மக்களுக்குப் படிப்பைவிட வியாபாரத்தில்தான் நாட்டம். (பள்ளிக்கூடங்களுக்கே பேர்போன பாளையங்கோட்டை பிற்பாடு எழுந்ததும் இதே மண்ணில்தான் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை!) அந்த நாட்டின் தெற்கே சந்தன மரங்கள் நிறைந்த மலையம். அதற்குக் கிழக்கே போதலகம் என்ற மலை. உச்சியில் தெளிந்த நீர்நிலை, அதிலிருந்து ஒரு பெரிய ஆறு புறப்பட்டு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கித் தென்கடலில் கலக்கிறது. அந்த நீர்நிலைக் கரையில் அவலோகிதேசுவரர் என்னும் கருணையின் போதிசத்துவர் குடியிருக்கிறார்.

படித்ததும் உடம்பு சிலிர்க்கிறதா இல்லையா? தாமிரபரணி பிறக்கிற இடம் பொதிகை மலைமேல் பூங்குளம் என்கிற சுனை! அது சந்தனமும் மூலிகையும் மணக்கிற மலை. ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசகா உட்படச் சிலர் யுவான் சுவாங் சொன்ன போதலகம் நம் பொதிகைதான் என்று வாதிட்டு எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கணநூல், அகத்தியர் தமிழைக் கற்றதே அவலோகிதரிடம்தான் என்கிறது. சைவர்களுக்குச் சிவன் அனுப்பிய முனிவரின் மலை, பௌத்தர்களுக்குப் போதிசத்துவரின் மலை. ஒரே மலை, இரண்டு பக்தி!

இப்போது சீனாவுக்குப் போவோம். செஜியாங் மாகாணத்தின் கடலோரத்தில் புத்தோஷான் என்று ஒரு தீவு. சீனப் பௌத்தர்களின் நான்கு புனித மலைகளில் ஒன்று. அவலோகிதேசுவரர் சீனாவில் குவான்யின் என்னும் தாயாக வணங்கப்படுகிறார். அந்தத் தீவு முழுக்க அவள் கோயில்கள். தீவுக்குப் பெயர் கொடுத்தது தென்னிந்தியாவின் போதலகம். லாசாவில் 5-ஆவது தலாய் லாமா 1645-ல் கட்டத் தொடங்கிய பொடாலா அரண்மனைக்கும் அதே மலையின் பெயர்தான். ஆக, ஆய்வாளர்கள் சொல்வது சரியென்றால் திபெத்தின் தலைமை அரண்மனைக்கும் சீனத்தின் புனிதத் தீவுக்கும் மூலம், சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று நம் சனங்கள் வண்டிகட்டிப் போகிற அந்த மலைத்தொடர்!

ஆள்கூட அங்கிருந்து போயிருக்கிறார். வச்சிரபோதி. 671-ல் பிறந்தவர். போதலக மலைக்கு அருகிலுள்ள மலைய நாட்டுக்காரர் என்று சீனர்களின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்று அவரைச் சொல்கிறது. பல்லவ அரசரின் ஆதரவோடு கப்பலேறி, இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகப் பல வருடம் பயணம் செய்து, 719-ல் சீனக் கரையில் இறங்கினார். தாங் பேரரசின் தலைநகரங்களில் மந்திர பௌத்தத்தைப் பரப்பினார். 741-ல் அங்கேயே காலமானார். அவர் சீடர் அமோகவச்சிரர் சீனப் பௌத்தத்தின் மாபெரும் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர். இன்றும் ஜப்பானின் ஷிங்கோன் பிரிவினர் தங்கள் குருபரம்பரையில் வச்சிரபோதியை வைத்து வணங்குகிறார்கள். நம் ஊரில் அவர் பெயரில் ஒரு தெருகூட என் கண்ணில் பட்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு நிறையவே உண்டு.

ஐந்து சகோதரர்கள், இரண்டு சாட்சிகள்

1292 வாக்கில் மார்க்கோ போலோ காயலுக்கு வந்தார். பெருநகரம், மேன்மையான ஊர் என்று எழுதினார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களெல்லாம் குதிரைகளோடு இங்கே வந்துதான் நிற்கும் என்றார். இந்த ஊரின் அரசர் ஐந்து சகோதர அரசர்களில் மூத்தவர் என்றும் குறித்தார். இதை வெறும் பயணியின் கதை என்று ஒதுக்கத் தோன்றலாம்.

ஆனால் சீனாவில் இன்னொரு சாட்சி இருக்கிறது! யுவான் பேரரசர் குப்ளாய் கானின் தூதர் யாங் திங்பி 1281-ல் சுவான்சோ துறைமுகத்திலிருந்து கொல்லத்துக்குப் புறப்பட்டார். மூன்று மாதக் கடல் பயணம். இலங்கை அருகே எதிர்க்காற்று, கப்பலில் உணவும் குறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கினார். அங்கிருந்து தரைவழியே கொல்லம் போக அனுமதி கேட்டபோது அதிகாரிகள் சாக்குப்போக்குச் சொன்னார்கள். பிறகு ரகசியமாக விஷயம் வந்தது: ஐந்து சகோதரர்களும் ஓரிடத்தில் கூடிக் கொல்லத்தின்மேல் படையெடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்! அவர்கள் கூடிய இடமாக யுவான் வரலாறு சொல்லும் ஊரைக் காயல் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். வெனிஸ்காரர் மார்க்கோ போலோவும் சீன அரசாங்க ஏடும், தனித்தனியே, ஒரே ஐந்து சகோதரர்களைச் சொல்கிறார்கள். வரலாற்றில் இப்படிப் பொருந்துவது லேசில் வாய்க்காது.

இன்னும் கேளுங்கள். யாங் திங்பி நம் கரையில் தவித்துக்கொண்டிருந்த அதே 1281, ஏறத்தாழ அதே சித்திரை மாதம். அவர் கிளம்பிவந்த சுவான்சோவில், ஃபூஜியன் மாகாணத்தில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒரு சிவன் கோயில் எடுப்பித்துக்கொண்டிருந்தார்! கானின் உடல்நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்தேன் என்று தமிழில் கல்வெட்டும் வெட்டிவைத்தார், அடியில் ஒரு வரி சீனம். 1956-ல் அது கண்டெடுக்கப்பட்டது. லிங்கத்துக்கு மாலையிடும் யானை, லிங்கத்தருகே நிற்கும் பசு என நம் ஊர்க் கோயில் சுவரில் பார்க்கிற சிற்பங்கள் அந்த நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சுவான்சோ அருகே செடியன் என்ற சிற்றூர். அங்கே ஒரு சின்னக் கோயிலில், கால்மடக்கி உட்கார்ந்த, நான்கு கைகள் கொண்ட ஒரு கற்சிலைக்கு ஊர்ச் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். தமிழ் வணிகர் காலத்து இந்துத் தெய்வம் அது. ஊரார் அதைக் குவான்யின் என்கிறார்கள். ஆம், அதே குவான்யின். பொதிகையின் போதிசத்துவரும் தமிழர் தெய்வமும் ஃபூஜியன் கிராமம் ஒன்றில் ஒரே சிலையில் சேர்ந்துவிட்டார்கள்!

காயலின் குதிரைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரபு நாட்டிலிருந்து வந்த குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்து விழுந்தன என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். அந்தக் குதிரைகளை நேரில் பார்க்க வேண்டுமா? திருப்புடைமருதூருக்குப் போங்கள். கடனாநதி தாமிரபரணியோடு கூடுகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். அதன் ராஜகோபுரத்துக்குள் மர ஏணிப்படி ஏறினால் தளத்துக்குத் தளம் செதுக்கிய மரத்தூண்கள், சுவர் கொள்ளாமல் நாயக்கர் கால ஓவியங்கள். அரையிருட்டில் கண் பழகியதும் ஒரு மரக்கலம் தெரியும். கப்பலில் குதிரைகள்! கூடவே நீள அங்கி போட்ட அரபு வணிகர்கள். காவியும் மஞ்சளும் கறுப்பும் கொண்டு யாரோ ஓர் ஓவியர் தீட்டியது. அங்கே மருதமரங்களில் கூடுகட்டும் பறவைகளுக்காக 2005-ல் அந்த ஊரே நாட்டின் முதல் காப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது என்பது கூடுதல் சேதி.

மிங் காலத்துக்கு வருவோம். 1408-ல் பேரரசர் யோங்லெ, தளபதி செங் ஹோ மூலம் காயலுக்குப் பட்டும் மெல்லிய துணிகளும் ஓலையும் அனுப்பினார். 1411-ல் காயலின் தலைவர் பதில் தூது விட்டார். மிங் வரலாற்றில் பதிவான சேதி இது. அந்தச் செங் ஹோ 1409-ஆம் ஆண்டிட்ட கல்வெட்டு ஒன்றை இலங்கையின் காலியில் நிறுத்தினார். சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழிகள். சீனக் கடற்படை இந்துமாக்கடலில் கல் நாட்டும்போது அதில் தமிழ் இல்லாமல் முடியவில்லை!

இதற்கெல்லாம் மண்ணில் தடயம் வேண்டாமா? இருக்கிறது. இடையன்குடிக்காரர் என்றே சொல்லத்தக்க கால்டுவெல் பாதிரியார் பழையகாயல் சுற்றுவட்டாரத்தில் கால்நடையாகத் தேடினார். இரண்டு மூன்று மைல் தூரத்துக்கு ஓட்டுத் துண்டுகள். அவற்றுக்கு நடுவே பளபளக்கும் சீனப் பீங்கான், பல தரத்தில். அரபு நாட்டு மட்பாண்டச் சில்லுகளும் கலந்து கிடந்தன. 1881-ல் வெளியான தம்முடைய திருநெல்வேலி வரலாற்று நூலில் அவர் இதை விவரிக்கிறார். கொற்கையையும் காயலையும் உலகத்துக்கு மீட்டுக்காட்டியவர் அவர். நூறு வருடம் கழித்து ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவின் குழுவும் தமிழகக் கடலோரம் முழுக்கச் சீனப் பீங்கான் சில்லுகளைத் தேடிப் பட்டியல் போட்டது.

முகத்துவாரத்தில் இன்னொரு புதையலும் உண்டு. புன்னைக்காயல்! பரதவர்களோடு வாழ்ந்து தமிழ் கற்ற என்றிக்கே என்றீக்கசு அடிகளின் ‘அடியார் வரலாறு’ 1586-ல் அங்கேதான் அச்சானது என்று அச்சு வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். அறுநூறு பக்கங்களுக்கு மேல், தமிழ் எழுத்தில். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றுகூட அச்சேறாத காலம் அது. அதன் பிரதி ஒன்று வாத்திகன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கோரைப்புல்லில் நெய்த பட்டு

பத்தமடைக்கு வராமல் இந்தக் கட்டுரை முடியாது. ஆற்றோரம் வளர்கிற சாதாரணக் கோரை. அதை அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். தேங்கின தண்ணீர் ஆகாது, ஆற்றோட்டமே வேண்டும். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, மெல்லிய இழை இழையாகக் கிழித்து, பருத்திநூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் பெண்கள். சிவப்புச் சாயத்துக்குப் பழைய வழக்கம் பதிமுகக் கட்டை. முரட்டுப் பாய் ஒரு பொழுதில் முடியும். நயமான பட்டுப்பாய்க்கு மாதக்கணக்கு ஆகும். முடிந்ததும் அதைக் கைக்குட்டை மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு போகலாம்! மணமக்கள் பெயரைக் கரையில் நெய்து கல்யாணத்துக்குக் கொடுப்பது இந்தச் சீமையின் வழக்கம். 1953-ல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு ஒரு பாய் லண்டன் போனது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக் பாய்க்கு முன்னால் தறிகள் குறைந்துகொண்டே வருவதைத்தான் தாங்க முடியவில்லை. பாய் வாங்க வேண்டியிருந்தால் தயவுசெய்து பத்தமடைக்குப் போய் நெய்கிறவர் கையில் காசு கொடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு இங்கே: நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, குற்றாலத்தில் சுவரெல்லாம் ஓவியமான சித்திர சபை. நெல்லையப்பர் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய சிறுதூண் கொத்தைத் தட்டினால் தூணுக்குத் தூண் சுரம் மாறும். பாளையங்கோட்டையையும் திருநெல்வேலியையும் இணைக்கிற ஆற்றுப் பாலம் 1843-ல் அரசாங்கப் பணத்தில் எழவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் கைப்பணம் போட்டுக் கட்டினார், இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. அல்வாவுக்கும் ஒரு தகவல்: இருட்டுக்கடையைத் தொடங்கியது வடக்கே ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கோதுமையும் அவர்கள் கைப்பக்குவமும், தண்ணீர் நம்முடையது.

இத்தனையையும் பார்க்கப் பெரிய பயணம் வேண்டாம். திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலை ஒன்றே போதும். முதலில் கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள், அடுத்து ஆதிச்சநல்லூர் அருங்காட்சியகம், ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் புளியமரம். அங்கிருந்து ஏரல் வழியாகக் கொற்கைக்கு ஒரு நடை. திரும்பி முக்காணி தாண்டினால் பழையகாயல். காயல்காரர்கள் ஓயாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருக்கிறார்கள், பச்சைக் கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்கிறார்கள் என்று மார்க்கோ போலோ வியந்து எழுதினார். ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமென்றால் அந்த எச்சிலை முகத்தில் துப்புவார்களாம்! அந்த வெற்றிலைக்கொடி இன்றும் அதே ஆற்றங்கரையில், காயலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஆத்தூரில் படர்கிறது. 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். போகிறவர்கள் வண்டியை நிறுத்தி ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். கொடிக்காலிலிருந்து காலையில் பறித்து வந்தது என்றால் காரம் நாக்கில் நிற்கும்.